டிராகன் மேல் போட்ட பழி

"நீ எந்த நிறம்?" என்று அவள்தான் முதலில் கேட்டாள்.

1999ஆம் வருடம். கோவையில் ஒரு மகளிர் கல்லூரி விடுதி. இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். நாங்கள் இருவரும் ஒரே கொசுவலைக்குள் டார்ச் லைட்டை வைத்துக்கொண்டு பழைய ஆங்கில நாவல் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தோம். அவள் கிசுகிசுவென்று வாசிப்பாள். புரியாத சொல் வந்தால் நான் அகராதியைப் புரட்டுவேன்.

கதை நடக்கும் கிரகத்தின் பெயர் பெர்ன். அங்கே வானத்திலிருந்து இழை இழையாக ஒன்று விழும். விழுந்த இடத்தில் புல்பூண்டு மிஞ்சாது. தரையில் படுவதற்குள் அதை நெருப்பைக் கக்கி எரிக்கத்தான் மனிதர்கள் டிராகன் வளர்க்கிறார்கள். முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வரும் குட்டி, சுற்றி நிற்பவர்களில் ஒருவரைத் தானே தேர்ந்தெடுக்கும். அந்த நொடியிலிருந்து இரண்டு பேர் மனசும் ஒன்று. டிராகனுக்குப் பசித்தால் அவருக்கும் தெரியும். அவர் செத்தால் டிராகனும் உயிரை விட்டுவிடும்.

பொதுவாக ஐந்து நிறங்கள்: தங்கம், வெண்கலம், பழுப்பு, நீலம், பச்சை. தங்க டிராகன்தான் ராணி. அதன் மேல் ஏறுபவள் பெண். மற்ற நான்கிலும் ஆண்கள்.

"நான் வெண்கலம்" என்றேன். கதையில் தலைவர்கள் எல்லாரும் வெண்கலத்தில்தான் வருவார்கள்.

"நான் பச்சை" என்றாள்.

"பச்சை மேல ஆம்பளைகதானே ஏறுவாங்க?"

"இருக்கட்டும் புள்ள. பச்சை பறந்துச்சுன்னா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. டிராகன் பண்ணுச்சுன்னு விட்டுருவாங்க."

அவள் சொன்னது எனக்குப் புரியவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். புரிந்தது. புரியாத மாதிரி பக்கத்தைத் திருப்பினேன்.

அந்த நாவல் எங்களுக்கு உக்கடத்தில் கிடைத்தது. 1998 பிப்ரவரி 14ஆம் தேதி கோவையில் தொடர் குண்டுகள் வெடித்து 58 பேர் இறந்திருந்தார்கள். அதே வருடம் ஜூனில்தான் நான் கல்லூரியில் சேர்ந்தேன். உக்கடம், கோட்டைமேடு பக்கம் போலீஸ் சோதனைச் சாவடிகள் நின்றன. விடுதியில் முதல் நாளே சொல்லிவிட்டார்கள், அந்தப் பக்கம் எந்தப் பெண்ணும் போகக்கூடாது என்று. நாங்கள் டவுன்ஹாலில் விஜயா பதிப்பகத்துக்குப் போவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அங்கிருந்து உக்கடம் வரை நடந்தே போவோம். பழைய புத்தகக் கடை பாய், "வாங்கம்மா, இங்கிலீஷ் கட்டு ஒண்ணு வந்திருக்கு" என்று மூட்டையைப் பிரித்துப் போடுவார். அதில் அட்டை கிழிந்த இரண்டு நாவல்கள் இருந்தன: ஆன் மெக்காஃப்ரி எழுதிய 'டிராகன்ஃப்ளைட்', 'தி ஒயிட் டிராகன்'. உள்ளே ஏதோ வால்பாறை எஸ்டேட் கிளப்பின் முத்திரை. இரண்டும் சேர்ந்து முப்பது ரூபாய்.

ஆன் மெக்காஃப்ரி 1926இல் அமெரிக்காவில் பிறந்தவர். 1970இல் அயர்லாந்துக்குக் குடிபெயர்ந்து 2011இல் அங்கேயே இறந்தார். பெர்ன் கதைகளில் முதலாவது 1967இல் வெளிவந்தது. அதற்காக 1968இல் ஹியூகோ விருது பெற்றார். புனைகதைக்காக அந்த விருதை வாங்கிய முதல் பெண் அவர்தான். இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், ராக்கெட்டும் வாளும் ஆண்களுக்கு என்றிருந்த ஒரு உலகத்தில், ஒரு பெண் எழுதிய, ஒரு பெண் டிராகன் ஏறும் கதை நம் கையில் இருக்கிறது என்பதுதான்.

பச்சை விஷயத்துக்கு வருகிறேன். பெர்னில் பச்சை டிராகனும் பெண்தான். ராணியைவிட அடிக்கடி இணை தேடிப் பறக்கும். துரத்திப் போகிற நீலமும் பழுப்பும் ஆண். டிராகன்கள் வானத்தில் சேரும்போது, அவற்றோடு மனசு ஒன்றாகிவிட்ட வீரர்கள் இருவரும் தரையில் சேர்வார்கள். பச்சையின் வீரனும் ஆண், நீலத்தின் வீரனும் ஆண். அப்படியானால்? ஆரம்ப நாவல்களில் ஆசிரியர் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. கூட்டிக் கழித்துப் பார்க்கிறவருக்கு மட்டும் விடை கிடைக்கும். அவள் கணிதம் படிக்கிற மாணவி. முதல் வாரத்திலேயே விடையைக் கண்டுபிடித்துவிட்டாள்.

இப்போது திரும்பப் படிக்கும்போது அந்த ஏற்பாட்டின் மற்ற பக்கங்களும் தெரிகின்றன. மூத்த ராணியோடு சேர்கிற வெண்கலத்தின் வீரன்தான் அந்தக் கூட்டத்துக்கே தலைவன். நீலக்காரனும் பச்சைக்காரனும் தலைவராகவே முடியாது. எண்ணிக்கையில் பச்சைதான் அதிகம். நெருப்பு கக்கி முன்னால் பறப்பதும் சாவதும் அவர்கள்தான். ஆனால் பச்சை என்றாலே நிலையில்லாதது, அலைபாய்கிறது என்று ஒரு பேச்சு. பெண் என்றால் நம்மூரில் என்னென்ன சொல்வார்களோ அதையெல்லாம் பெண் டிராகன் மேல் ஏறிய ஆணுக்கும் சேர்த்துச் சொல்கிறார்கள். தன்பாலீர்ப்பு கொண்டவனைக் கீழே வைப்பதற்குப் பெண் என்ற சொல்லே போதுமானதாக இருக்கிறது. இந்த இரண்டு இழிவும் ஒரே வேரிலிருந்து வருகிறது என்று நான் பிற்பாடு பெண்ணியக் கூட்டங்களில் கேட்டபோது, எனக்கு நினைவுக்கு வந்தது பச்சை டிராகன்தான்.

1978இல் வந்த 'தி ஒயிட் டிராகன்' நாவலில் மிர்ரிம் என்ற பெண்ணைப் பச்சைக் குட்டி ஒன்று தேர்ந்தெடுத்துவிட்ட கதை வருகிறது. ஊரே வியக்கிறது. என் தோழி அந்தப் பக்கங்களை மூன்று தடவை வாசித்தாள். பச்சை மேல் பெண் ஏறிவிட்டாள் என்றால், நீலமோ பழுப்போ ஏறுகிற இன்னொரு பெண்ணும் எங்கேயோ இருக்கத்தானே வேண்டும்? கடைசிவரை தேடினோம். மிர்ரிமின் பச்சை பறக்கும்போது துரத்திப் பிடிப்பது ஒரு வெண்கலம். அதன் வீரன் ஆண். இரண்டு ஆண்கள் சேர்வதற்குக் கணக்கிலாவது ஒரு சந்து வைத்த ஆசிரியர், இரண்டு பெண்களுக்கு அதைக்கூட வைக்கவில்லை.

"நம்மளுக்கு ஒரு முட்டைகூட போடல பாரு அந்தம்மா" என்றாள். நாங்கள் சிரித்துச் சிரித்துக் கொசுவலையின் கயிறு அறுந்துவிட்டது.

'டிராகன்ஃப்ளைட்' நாவலில் வேறொரு விஷயம் இருக்கிறது. கதாநாயகி லெஸ்ஸா. அவளுடைய தங்க டிராகன் முதல் தடவை பறக்கப் போகிறது. அப்போது என்ன நடக்கும் என்று யாரும் அவளிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. நாயகனுடைய வெண்கலம் ஜெயிக்கிறது. அதற்குப் பிறகும் லெஸ்ஸா இறுகியே இருக்கிறாள். டிராகன் சம்பந்தப்படாத நேரத்தில் தான் அவளோடு இருப்பது வன்புணர்வு மாதிரிதான் என்று அந்த நாயகனே மனசுக்குள் நினைக்கிறான். ஆசிரியர் அதை ஒரு வரியில் எழுதிவிட்டுக் கதையை நகர்த்திவிடுகிறார். பதினெட்டு வயதில் நாங்களும் நகர்ந்துவிட்டோம். சண்டை போட்டுக்கொண்டே காதலிக்கும் ஜோடி என்று நினைத்தோம். எங்கள் தமிழ் சினிமாவும் அதைத்தானே சொல்லிக் கொடுத்திருந்தது.

ஆக, அந்த உலகத்தில் யாரும் எதற்கும் 'சரி' என்று சொல்ல வேண்டியதில்லை, 'வேண்டாம்' என்றும் சொல்ல முடியாது. ஆண், பெண், ராணி, பச்சை எல்லாருக்கும் இதே நிலைமைதான். டிராகன் பறந்தது, நடந்துவிட்டது.

இது எனக்கு அந்நியமான உலகமாகவே தெரியவில்லை. அவிநாசி பக்கம் எங்கள் அம்மிச்சியின் ஊரில் மாரியம்மன் பொங்கல் நடக்கும். வருடம் முழுக்க அம்மிச்சி வாயைத் திறந்து அப்புச்சியை ஒரு சொல் சொன்னதில்லை. உடுக்கை அடிக்கிற அந்த ஒரு ராத்திரி மட்டும் அவருக்குச் சாமி வரும். தலைமுடி அவிழ்ந்து கிடக்க, "என்னைக் கேக்காம மேக்காலத் தோட்டத்தை வித்தவன் எங்கடா?" என்பார். அப்புச்சி நெடுஞ்சாண்கிடையாக விழுவார். மறுநாள் காலையில் நான் கேட்டால், "நானா சொன்னேன்? எனக்கொண்ணும் ஞாபகமில்ல கண்ணு" என்று ராகிக் களியைக் கிண்டிக்கொண்டிருப்பார்.

அம்மிச்சிக்குச் சாமி, பச்சைக்காரனுக்கு டிராகன். தன் வாயால் சொல்ல முடியாததைச் சொல்ல வெளியிலிருந்து ஒன்று வரவேண்டும். அதை நான் கேலி செய்ய மாட்டேன். சாமி வராமல் இருந்திருந்தால் அம்மிச்சி அந்தத் தோட்டத்தைப் பற்றிச் சாகும்வரை பேசியிருக்கவே முடியாது. ஆனால் சாமி மலையேறிய பிறகு தோட்டம் திரும்பி வரவில்லை. சொன்னவர் தான் இல்லை என்று ஆகிவிட்டதால், கேட்டவர்களும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

1998 கடைசியில் தீபா மேத்தாவின் 'ஃபயர்' படம் இங்கே வெளியாகி, மும்பையிலும் டெல்லியிலும் தியேட்டர்களை உடைத்தார்கள். இரண்டு பெண்கள் காதலிக்கிற படம். அதற்குப் பிறகு விடுதியில் எல்லாருடைய கண்ணிலும் ஒரு சந்தேகம். இரண்டாம் வருடக் கடைசியில் யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். வார்டன் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"ரெண்டு பேரும் ஒரே கட்டில்ல படுக்கறீங்களாமே?"

எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. கொசுவலை ஒன்றுதான் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். பாட்டம் படிக்கிறோம் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இதுதான்:

"அவதான் மேடம் வருவா. நான் வேண்டாம்னுதான் சொல்வேன்."

ஒரே வாரத்தில் அவளுடைய அப்பா காங்கேயத்திலிருந்து வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிரங்குப் பெட்டியைத் தானே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் ஜன்னல் பக்கமே போகவில்லை. மூன்றாம் வருடம் அவள் படிக்கவில்லை. 2001 தை மாதம் கல்யாணம். எனக்கும் பத்திரிகை வந்தது.

நான் போனேன். மண்டபத்தில் அருமைக்காரர் சீர் செய்துகொண்டிருந்தார். மாப்பிள்ளையின் தங்கைக்கு இணைச்சீர் நடந்தது. மங்கல வாழ்த்து பாடினார்கள். அவள் தலை நிமிரவில்லை. 'அடக்கமான பொண்ணு' என்று பக்கத்து இலைக்காரம்மா சொன்னார். மொய் நோட்டில் என் பெயரைச் சொல்லி ஐம்பத்தொரு ரூபாய் எழுதிவிட்டு, பந்தியில் இரண்டாவது தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. செவ்வாய் தோஷம் என்று வீட்டில் சொன்னார்கள். நானும் அதையே எல்லாரிடமும் சொன்னேன். அது எனக்குக் கிடைத்த பச்சை டிராகன். வங்கி வேலை, அம்மாவின் சர்க்கரை வியாதி, தோஷம் என்று சொல்லச் சொல்ல, நாற்பது வயதுக்கு மேல் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

இடையில் பெர்ன் நாவல்களை ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தேன். 1983இல் வந்த 'மொரீட்டா' நாவலில் ஒரு கொள்ளைநோய் பரவுகிறது. கொரோனா ஊரடங்கில்தான் அதைப் படித்தேன். அதில் க்'லோன் என்ற நீல வீரனும் அ'மர்ரி என்ற பச்சை வீரனும் வருகிறார்கள். இருவரும் காதலர்கள் என்பதை ஆசிரியர் இந்தத் தடவை மறைக்கவில்லை. க்'லோன் நோயிலிருந்து பிழைத்து எழுந்து மற்றவர்களுக்காக ஓடுகிறான், அப்போதும் அவன் கவலை எல்லாம் அ'மர்ரியைப் பற்றித்தான். பிரதானக் கதை அவர்களுடையது இல்லை. ஆனாலும் டிராகன் பறக்காத நேரத்திலும் ஒருவன் இன்னொருவனுக்காகத் தவிப்பதை அங்கேதான் பார்த்தேன்.

மெக்காஃப்ரியை நான் திட்டப்போவதில்லை. பெர்ன் கதைகள் வெளிவர ஆரம்பித்த 1967இல்தான் இங்கிலாந்தில் ஆண்களின் தன்பாலுறவு ஓரளவுக்குக் குற்றமில்லை என்று ஆனது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் அதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1973இல். அவர் குடியேறிய அயர்லாந்தில் 1993 வரை அது குற்றம். அந்தக் காலத்தில், பள்ளிப் பிள்ளைகளும் படிக்கிற ஒரு கதையில் இவர்களுக்கு இடம் வைக்க டிராகன் ஒரு வழியாக இருந்தது. ஆனால் ஒருவருடைய ஆசையை அவருடையது இல்லை என்று சொன்னால்தான் அவருக்கு இடம் உண்டு என்றால், அந்த இடத்துக்கு வாடகை அதிகம். அந்த வாடகையை என் விஷயத்தில் கட்டியது என் தோழி.

2022இல் என் அண்ணன் மகள் பொறியியல் படிக்க வந்து என்னோடு தங்கினாள். 'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' தொடரை இருவரும் சேர்ந்து பார்த்தோம். அதில் லேனார் வெலேரியான் என்ற இளைஞன் டிராகன் வீரன். ஆண்களை நேசிப்பவன். இளவரசி ரெய்னீராவுக்கும் அவனுக்கும் கல்யாணம் பேசுகிறார்கள். தங்கள் நிலைமையை இருவரும் மனம்விட்டுப் பேசி ஒரு ஒப்பந்தத்துக்கு வருகிறார்கள். கல்யாண விருந்திலேயே லேனாரின் காதலன் ஜாஃப்ரி அடித்துக் கொல்லப்படுகிறான். அதன் பிறகும் கல்யாணம் நடக்கிறது. சில வருடம் கழித்து லேனார் செத்துவிட்டதாக நாடகம் ஆடி, தலையை மழித்துக்கொண்டு, இன்னொரு காதலனோடு படகேறிப் போய்விடுகிறான். நாடகத்துக்கு ஒரு பிணம் வேண்டும். அதற்காகப் பெயர்கூடச் சொல்லப்படாத ஒரு வேலைக்காரன் சாகிறான். லேனாரின் அம்மாவும் அப்பாவும் மகன் கருகிவிட்டான் என்று நம்பிக் கதறுகிறார்கள். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 2018இல் எழுதிய மூலப் புத்தகத்தில் லேனார் நிஜமாகவே கொல்லப்படுகிறான். தொடரை எடுத்தவர்கள் உயிரையாவது மிச்சம் வைத்தார்கள். ஆனால் அவனுடைய டிராகன் அங்கேயே நின்றுவிட்டது.

"ஏன் அத்தை, செத்த மாதிரி காட்டினாத்தான் வாழ விடுவாங்களா?" என்று கேட்டாள் பிள்ளை.

நான் உடனே பதில் சொல்லவில்லை. எங்கள் பக்கம் 'தலைமுழுகிட்டோம்' என்று ஒரு பேச்சு உண்டு. வீட்டை எதிர்த்துப் போன பெண் உயிரோடு இருக்கும்போதே செத்தவளாகக் கணக்கு வைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வது. அதோடு நின்றால் பரவாயில்லை என்று நினைக்கவைக்கிற ஊர் இது. 2016 மார்ச் 13ஆம் தேதி உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில் நடுரோட்டில், சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டதற்காகச் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். கௌசல்யாவையும் வெட்டினார்கள். ஆணும் பெண்ணும் காதலித்ததற்கே அப்படி. அவளுடைய அப்பா பெட்டியைத் தோளில் தூக்கிய அந்தக் காட்சியை, அந்தச் செய்தி வந்த நாளில் நான் வேறு மாதிரி நினைத்துப் பார்த்தேன். வார்டன் அறையில் நான் சொன்ன ஒரு வாக்கியம் எதுவரை போயிருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அந்தப் பிள்ளைக்குப் பதிலாக இரண்டு புத்தகங்களைக் கொடுத்தேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒன்று, நவோமி நோவிக் எழுதிய 'டெமரேர்' வரிசை. நெப்போலியன் காலத்துப் போரில் டிராகன்களும் இருந்திருந்தால் என்ற கற்பனை. 2006இல் தொடங்கி 2016இல் முடிந்த ஒன்பது நாவல்கள். அதில் லாங்விங் என்ற டிராகன் இனம் பெண் தளபதிகளை மட்டும்தான் ஏற்றுக்கொள்ளும். அதனால் அந்தக் காலத்து ஆங்கில ராணுவத்திலேயே பெண்கள் இருக்கிறார்கள். 2012இல் வந்த 'க்ரூசிபிள் ஆஃப் கோல்ட்' நாவலில் கிரான்பி என்ற தளபதிக்கு ஒரு சிக்கல். அவனுடைய டிராகன் இஸ்கியெர்கா, இன்கா பேரரசிக்கு அவனைக் கட்டிவைத்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறது. தங்கமும் நகையும் என்றால் அதற்கு உயிர். அவனுக்கும் பூட்டி அழகு பார்க்கும். பெரிய இடத்துச் சம்பந்தம் வந்திருக்கிறது, விடலாமா? அச்சு அசலாக எங்கள் ஊர் அம்மா. வேறு வழியில்லாமல் கிரான்பி தன் நண்பனிடம் உட்கார்ந்து, தனக்கு நாட்டம் ஆண்களிடம்தான் என்று சொல்கிறான்.

அவன் அதைச் சொல்கிற இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். டிராகன் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் பழியை ஏற்க அது இல்லை. அது எதிர்க்கட்சி. சொல்கிற வாய் அவனுடையது.

இரண்டாவது, சமந்தா ஷானன் 2019இல் எழுதிய 'தி ப்ரையரி ஆஃப் தி ஆரஞ்ச் ட்ரீ'. சப்ரான் என்ற ராணி கட்டாயம் ஒரு மகளைப் பெறவேண்டும். அவளுடைய வம்சம் தொடரும்வரைதான் ஒரு கொடிய மிருகம் கட்டுப்பட்டுக் கிடக்கும் என்று நாடே நம்புகிறது. ஒரு பெண்ணின் கர்ப்பப்பையில் தேசத்தையே ஏற்றி வைத்திருக்கிறார்கள். அவளைக் காக்க ரகசியமாக அனுப்பப்பட்ட ஈட் என்ற பெண்ணும் அவளும் காதலிக்கிறார்கள். கீழைத் தேசத்தில் தானே என்ற பெண் டிராகன் ஏறுகிறாள். காதலுக்கு டிராகன் பறக்கத் தேவையில்லை, டிராகன் ஏறுவதற்கு ஆண் தேவையில்லை. நாங்கள் தேடிய முட்டையைப் போட இருபது வருடம் ஆகியிருக்கிறது.

இந்த இருபது வருடத்தில் நம் பக்கமும் சில நடந்தன. 2018 செப்டம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம், மனம் ஒத்த வயதுவந்தோரின் தன்பாலுறவு குற்றமில்லை என்றது. 2021இல், மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இந்த விஷயம் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிறகே உத்தரவு போட்டார். 2022இல் தமிழ்நாடு அரசு சொற்பட்டியல் வெளியிட்டது. பால்புதுமையர் என்ற சொல் அரசிதழில் ஏறியது. எங்களுக்கு அன்று வசவுச் சொற்கள் மட்டுமே இருந்தன. நல்ல சொல்லாக எங்களிடம் இருந்தது 'பச்சை' ஒன்றுதான். 2023 அக்டோபர் 17ஆம் தேதி கல்யாண உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த மாதக் கடைசியில்தான் அவளுடைய நம்பரைத் தேடிப் பிடித்தேன்.

காங்கேயம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பேக்கரி. அவள் ஸ்கூட்டியில் வந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். மூத்த பையன் திருப்பூரில் வேலைக்குப் போகிறான். வீட்டுக்காரருடன் தேங்காய்க் களம் பார்த்துக்கொள்கிறாள். இரண்டு டீ, இரண்டு தேங்காய் பன் சொன்னேன். டீ ஆறுகிறவரை மழையைப் பற்றியும் கொப்பரை விலையைப் பற்றியும் பேசினோம். அப்புறம் வார்டன் அறையில் நான் சொன்னதைச் சொன்னேன். ஒரு வார்த்தையும் மாற்றாமல்.

"தெரியும்" என்றாள். "அப்பவே வார்டன் என்றகிட்டச் சொல்லிட்டாங்க."

எனக்குக் கை நடுங்கியது.

"நீ பயந்துக்கிட்டுச் சொன்னது எனக்குப் பெருசாத் தெரியல. நானா இருந்தாலும் என்ன சொல்லியிருப்பேனோ. என்ற கல்யாணத்துக்கு வந்து, ஒரு வார்த்தை பேசாம, ரெண்டு கப்பு பாயசம் குடிச்சுட்டுப் போன பாரு. அதைத்தான் இன்னும் மறக்க முடியல."

மன்னிப்புக் கேட்டேன். அவள் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பன்னைப் பிட்டு டீயில் நனைத்துச் சாப்பிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "பச்சை மேல ஒரு புள்ள ஏறுச்சே, அது பேரென்ன?" என்றாள்.

"மிர்ரிம்."

"ஆமா, மிர்ரிம்."

பையிலிருந்து ஷானனின் நாவலை எடுத்துக் கொடுத்தேன். தடிமனைப் பார்த்து, "இத்தாச்சோடு இருக்குதே, எப்பப் படிச்சு முடிக்கறது" என்றவள் அதை ஸ்கூட்டியின் சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுது. என்ற பேரு வேண்டாம், பசங்க இருக்கறானுக. உன்ற பேரைப் போட்டுக்கோ."

போட்டிருக்கிறேன். வார்டன் இப்போது எங்கே இருக்கிறாரோ தெரியாது. இந்தத் தொகுப்பு அவர் கைக்குப் போகுமா என்றும் தெரியாது. கேட்ட கேள்விக்கு இருபத்து மூன்று வருடம் தாமதமாக என் பதில் இது: அவள் மட்டும் இல்லை மேடம். நானும்தான்.